கை மாறி வரும் முதல் பைக்

“சிங்கிள் ஓனர். பேப்பர் எல்லாம் கரண்ட். ஷோரூம் கண்டிஷன். வாங்கிட்டுப் போய் பெட்ரோல் மட்டும் போடு தம்பி.” தமிழ்நாட்டில் எந்த ஊர் டூவீலர் கன்சல்டிங்கில் நுழைந்தாலும் முதல் ஐந்து நிமிடத்துக்குள் காதில் விழும் பேச்சு இது. விற்பவர் பொய்தான் சொல்கிறார் என்று நினைக்க வேண்டியதில்லை. பல நேரம் அவருக்கே அந்த வண்டியின் முழுக்கதை தெரியாது. அவரிடம் அது வந்து பத்து நாள்தான் ஆகியிருக்கும். கதையைத் தேடிப் பிடிப்பது வாங்குபவரின் வேலை. அதற்கு ஒரு செல்போன், ஒரு டார்ச் லைட், அரை நாள் பொறுமை போதும்.

முதன்முதலாக கியர் வண்டி வாங்கப்போகிறவர்கள் பெரும்பாலும் இன்ஜினைப் பற்றித்தான் பயப்படுகிறார்கள். பயம் தவறான இடத்தில் விழுகிறது. தேய்ந்த டயரை மாற்றலாம். கிளட்ச் பிளேட் போனால் போடலாம். புகை விடும் இன்ஜினைக்கூடப் பிரித்து, பிஸ்டன், ரிங் மாற்றி, போர் செய்து ஓட வைக்கலாம். இவை எல்லாவற்றுக்கும் ஒரு விலை உண்டு. அந்த விலையை வண்டியின் விலையில் கழித்துக் கேட்கலாம். மூன்று கோளாறுகளுக்கு மட்டும் எந்த மெக்கானிக்கும் விலை சொல்ல முடியாது. ஒன்று, சிக்கலான ஆர்.சி. இன்னொன்று, அடிபட்டு வளைந்த சேஸிஸ். மூன்றாவது, வெள்ளத்தில் மூழ்கி எழுந்த வண்டி. இந்த மூன்றும் இல்லாத வண்டி பார்க்க எவ்வளவு சுமாராக இருந்தாலும் வாங்கத் தகுந்தது. மூன்றில் ஒன்று இருந்தாலும், பளபளப்பைப் பார்க்காமல் அடுத்த கடைக்குப் போய்விட வேண்டும்.

எந்த வண்டி?

கற்றுக்கொள்கிறவர் வண்டியைக் கீழே போடுவார். வேகத்தில் இல்லை; யூ-டர்ன் எடுக்கும்போது, ஸ்டாண்ட் போடும்போது, சிக்னலில் கால் ஊன்றும் இடத்தில் மணல் இருந்தால். அந்த நேரத்தில் வண்டியின் எடைதான் பேசும். ஸ்ப்ளெண்டர் பிளஸ் சுமார் 112 கிலோ. பல்சர் 150 அதைவிட முப்பது கிலோவுக்கு மேல் கூடுதல். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 ஏறத்தாழ 195 கிலோ. சாய ஆரம்பித்த 112 கிலோவை ஒரு காலால் தாங்கிப் பிடித்துவிடலாம். 195 கிலோ சாய்ந்தால் விட்டுவிட்டு விலகி நிற்பதே காலுக்கு நல்லது. சீட்டில் உட்கார்ந்து இரண்டு பாதமும், குறைந்தது முன்பாதமாவது, தரையில் ஊன்றுகிறதா என்று பார்ப்பது அழகு பார்ப்பதைவிட முக்கியம். உயரம் குறைந்தவர்களுக்கும், புதிதாக கியர் வண்டி ஓட்டும் பெண்களுக்கும் இது இன்னும் முக்கியம். ஸ்ப்ளெண்டரின் சீட் உயரம் 785 மில்லிமீட்டர். ஆர்15 போன்ற வண்டிகளில் 815. எண்ணில் மூன்று சென்டிமீட்டர்தான். டிராஃபிக்கில் நிற்கும்போது அது பெரிய தூரம்.

அதனால் முதல் வண்டிக்கு 100 முதல் 125 சிசி வரையிலான கம்யூட்டர் பைக்குகளே நல்ல தொடக்கம். 1994-ல் ஹீரோ ஹோண்டா அறிமுகப்படுத்திய ஸ்ப்ளெண்டர் இன்றும் அதே 97.2 சிசி அளவில் விற்பனையில் இருக்கிறது. கிராமத்து சைக்கிள் கடையில்கூட அதன் கேபிளும் பிரேக் ஷூவும் கிடைக்கும். ஹோண்டா ஷைன், ஓசூரில் தயாராகும் டிவிஎஸ்ஸின் கம்யூட்டர் மாடல்கள், பஜாஜ் பிளாட்டினா ஆகியவையும் இதே வரிசை. தினமும் நெடுஞ்சாலையில் முப்பது நாற்பது கிலோமீட்டர் போகவேண்டியவர்கள் மட்டும் 150 சிசி பக்கம் பார்க்கலாம். யூனிகார்ன், பல்சர் 150, எஃப்இசட், அப்பாச்சி 160 எல்லாமே ஊர் மெக்கானிக்குகளுக்குப் பழகிய வண்டிகள்.

விலை மலிவாக இருக்கிறதே என்று தயாரிப்பு நின்றுபோன, விற்பனையும் அதிகம் இல்லாத மாடல்களைத் தொடுவது புதியவருக்கு வேண்டாத வேலை. மஹிந்திரா சென்சூரோ போன்ற வண்டிகள் நல்ல நிலையில் சல்லிசாகக் கிடைக்கும். ஆனால் ஒரு சின்ன பிளாஸ்டிக் கவருக்காகச் சென்னை ஜி.பி. ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்க நேரும். அங்கேயும் இல்லையென்றால் புதுப்பேட்டையில் பிரித்த வண்டிகளின் குவியலில் தேட வேண்டும். வண்டி ஓட்டப் பழகும் வயதில் பாகம் தேடப் பழக வேண்டியதில்லை.

ஆர்எக்ஸ்100 ஆசையையும் இங்கேயே பேசிவிட வேண்டும். அந்த டூ-ஸ்ட்ரோக் சத்தத்துக்கு மயங்காத தமிழ்நாட்டு இளைஞர் குறைவு. அதன் தயாரிப்பு 1996-ல் நின்றது. கடைசியாக வந்த வண்டிக்கே கால் நூற்றாண்டுக்கு மேல் வயதாகிவிட்டது; முன் சக்கரத்தில் டிரம் பிரேக்; ஒரிஜினல் பாகம் அரிது; ஆர்.சி. புதுப்பித்திருக்கிறார்களா என்பது தனிக் கேள்வி. மூன்றாவது வண்டியாக வாங்கலாம். முதல் வண்டியாகக் கூடாது. கேடிஎம் டியூக் 390 இதற்கு நேர் எதிர்க்கோடி: பழைய மாடல்களிலேயே 373 சிசி, நாற்பது குதிரைத்திறனுக்கு மேல். ஆக்சிலேட்டரை மணிக்கட்டு இன்னும் அளந்து திருப்பத் தெரியாத நாளில் அந்தச் சக்தி கையில் இருப்பது ஆபத்து. அதோடு, விற்பனைக்கு வரும் பழைய டியூக்குகளில் எது அடிபட்டது, எது படாதது என்று கண்டுபிடிப்பது அனுபவசாலிக்கே கஷ்டம்.

வருடத்தைப் பார்க்கும்போது மூன்று தேதிகளை மனதில் வைத்துக்கொண்டால் போதும். 2017 ஏப்ரலில் பிஎஸ்-4 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது. 2019 ஏப்ரல் 1 முதல் விற்கும் 125 சிசிக்கு மேற்பட்ட எல்லா பைக்கிலும் ஏபிஎஸ் கட்டாயம்; 125 மற்றும் அதற்குக் கீழே சிபிஎஸ், அதாவது ஒரு பிரேக்கை அழுத்தினால் இரண்டு சக்கரமும் சேர்ந்து பிடிக்கும் ஏற்பாடு, கட்டாயம். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்தது; அதோடு கார்புரேட்டர் போய் பெரும்பாலான வண்டிகளில் ஃபியூல் இன்ஜெக்‌ஷன் வந்தது. புதிதாக ஓட்டுகிறவர் பயந்தால் செய்யும் முதல் காரியம் பிரேக்கை மொத்தமாக அழுத்துவது. மழை ஈரத்தில் அப்படி அழுத்தி முன் சக்கரம் பூட்டிக்கொண்டால் விழுவது நிச்சயம். சக்கரம் அப்படிப் பூட்டிக்கொள்ளாமல் ஏபிஎஸ் தடுக்கும். ஆகவே 150 சிசி தேடுபவர் இரண்டாயிரம் மூவாயிரம் கூடுதலாகக் கொடுத்தாவது 2019 ஏப்ரலுக்குப் பிந்தைய ஏபிஎஸ் வண்டியை எடுப்பது நல்லது. இந்த அத்தியாயத்தில் கூடுதல் பணம் கொடுக்கச் சொல்லும் ஒரே இடம் இதுதான்.

பேப்பர்

வண்டியைப் பார்க்கக் கிளம்பும் முன்பே பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி எம்-பரிவாகன் செயலியில் போட்டுப் பார்க்க வேண்டும். பதிவுத் தேதி, இன்சூரன்ஸ் முடியும் நாள், ஆர்.சி.யின் நிலை எல்லாம் வரும். போக்குவரத்து அபராதம் பாக்கி இருக்கிறதா என்று இ-சலான் தளத்தில் பார்க்கலாம்; பாக்கி இருந்தால் பெயர் மாற்றம் அங்கேயே நின்றுபோகக்கூடும். தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவைகளில் வாகன நிலையைத் தேடும் வசதியும் உண்டு. காணாமல் போனதாகப் புகார் உள்ள வண்டியா என்று அதில் பார்க்கலாம். எண் தர மறுக்கும் விற்பனையாளரிடம் வண்டி பார்க்கப் போவது பெட்ரோல் நஷ்டம்.

நேரில் போனதும் முதல் வேலை ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் வண்டியில் உள்ளதோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுவது. சேஸிஸ் எண் பொதுவாக ஹேண்டில்பாருக்குக் கீழே ஃபிரேமின் கழுத்துப் பகுதியில் குத்தப்பட்டிருக்கும். கிரீஸும் மண்ணும் மூடியிருந்தால் துணியால் துடைத்து, டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் இருக்கின்றனவா? சுற்றிலும் ராவிய தடம், புது பெயின்ட் இருக்கிறதா? சந்தேகம் வந்தால் பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

தயாரிப்பு ஆண்டும் பதிவு ஆண்டும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. 2017 மார்ச் 29 அன்று, ஏப்ரல் முதல் பிஎஸ்-3 வண்டிகளை விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மீதமிருந்த இரண்டே நாளில் ஷோரூம்கள் ஆயிரக்கணக்கில் தள்ளுபடி கொடுத்து, தேங்கிய ஸ்டாக்கைத் தள்ளிவிட்டன. ஷட்டருக்கு வெளியே வரிசை நின்றது. அப்படி விற்ற வண்டிகளில் பல 2016-ல் தயாரானவை. இன்று “2017 மாடல்” என்று விற்கப்படும் வண்டி அந்த வகையாக இருக்கலாம். ஆர்.சி.யிலேயே தயாரிப்பு மாதமும் வருடமும் அச்சிட்டிருக்கும். அந்த வரியைப் பார்த்து விலை பேச வேண்டும்.

அடுத்தது கடன். ஆர்.சி.யில் வங்கி அல்லது ஃபைனான்ஸ் கம்பெனியின் பெயர் இருந்தால், கடன் முழுதும் கட்டியாகிவிட்டது என்று வாயால் சொல்வது போதாது. ஃபைனான்ஸ் கொடுத்தவர்களின் என்ஓசி கடிதமும், அவர்கள் கையெழுத்திட்ட படிவம் 35-ம் கையில் இருக்க வேண்டும். அது வரும் வரை அட்வான்ஸ்கூடக் கொடுக்கக் கூடாது. தவணை கட்டாமல் ஃபைனான்ஸ்காரர் தூக்கிவந்த ‘சீஸிங் வண்டி’ மலிவாக வரும். அதிலும் இதே பேப்பர் வேண்டும்.

இறந்துபோனவர் பெயரில் உள்ள வண்டியை வீட்டார் விற்க வருவதும் அடிக்கடி நடக்கிறது. “அப்பா வண்டி, அம்மா கையெழுத்துப் போட்டுடுவாங்க” என்பார்கள். நல்ல மனிதர்கள்தான், வண்டியும் நன்றாகவே பராமரித்ததாக இருக்கும். ஆனால் சட்டப்படி முதலில் படிவம் 31 கொடுத்து வாரிசின் பெயருக்கு மாற்றியாக வேண்டும். அதற்குப் பிறகுதான் விற்பனை. அந்த வேலை முடியும் வரை காத்திருக்கத் தயார் என்றால் இப்படிப்பட்ட வண்டியை விட்டுவிடக் கூடாது.

புதுச்சேரி, கர்நாடகப் பதிவு எண் வண்டிகள் பார்வைக்கு மலிவு. வேறு மாநில வண்டியைத் தமிழ்நாட்டில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும். பழைய ஆர்.டி.ஓ.விடம் என்ஓசி வாங்கி, இங்கே வரி கட்டி, புது எண் பெற வேண்டும். அலைச்சலையும் வரியையும் கூட்டினால் மலிவு மிச்சமிருக்காது.

இன்சூரன்ஸ் பேப்பர் வெறும் காகிதம் இல்லை. அது வண்டியின் வரலாறும்கூட. பாலிசியில் ‘என்சிபி’ என்ற வரியைத் தேட வேண்டும். க்ளெய்ம் எதுவும் செய்யாமல் வருடம் ஓட ஓட இந்தச் சலுகை 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். ஐந்தாறு வருட வண்டி, பாலிசி விடாமல் புதுப்பித்திருக்கிறது, ஆனால் என்சிபி பூஜ்யம் என்றால், அண்மையில் க்ளெய்ம் நடந்திருக்கலாம். எதற்கு க்ளெய்ம் செய்தார்கள் என்று கேட்பதில் தவறில்லை. வண்டி எண்ணை வைத்து அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் கேட்டாலும் பழைய சர்வீஸ் விவரங்கள் கிடைக்க வாய்ப்பு உண்டு.

தண்ணீரும் இரும்பும்

2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் சென்னையில் வண்டிகள் சீட் உயரத்துக்கு மேல் தண்ணீரில் நின்றன. வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் வீதிகளில் தண்ணீர் வடிந்த பிறகு மெக்கானிக் கடைகள் முன்னால் பைக்குகள் வரிசை கட்டி நின்றதை ஊரே பார்த்தது. பெரும்பாலானவற்றை ஆயில் மாற்றி, உலர்த்தி, ஓட வைத்தார்கள். ஓடும். பிரச்சினை பிறகுதான் வரும்: வயரிங் கப்ளர்களுக்குள் உப்பும் சேறும் தங்கி, ஆறு மாதம் கழித்து ஒரு நாள் நடுரோட்டில் ஹெட்லைட் அணையும், செல்ஃப் வேலை செய்யாது, இன்ஜெக்‌ஷன் வண்டியானால் சென்சார் ஒவ்வொன்றாகச் சாகும். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் கோளாறு. மெக்கானிக்காலும் முடிவு காண முடியாது.

இதைக் கண்டுபிடிக்க வண்டியின் கழுவாத இடங்களைப் பார்க்க வேண்டும். சீட்டைக் கழற்றி, பேட்டரிப் பெட்டியின் மூலையில் விரலை விட்டால் மெல்லிய களிமண் படிவு வருகிறதா? சைடு கவருக்குள் இருக்கும் கப்ளர்களில் பச்சை பூத்திருக்கிறதா? ஹெட்லைட் டூம் உள்ளே நீர்க்கோடு தெரிகிறதா? மீட்டர் கண்ணாடிக்குப் பின்னால் பனி படிந்த தடம், சீட்டின் அடித்தகட்டில் ஒரே மட்டத்தில் ஓடும் துரு, ஏர் ஃபில்டர் பெட்டியின் அடியில் மணல்: இவற்றில் இரண்டு சேர்ந்து வந்தால் அது நனைந்த வண்டி அல்ல, மூழ்கிய வண்டி. ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே இருப்பது பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் இன்னமும் உள்ளேயே இருக்கிறது. கடலோர ஊர் வண்டிகளில் மேல்துரு இயல்பு. அதை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

வளைந்த சேஸிஸைப் பிடிக்கும் வழிகள் இதைவிட எளிது. சென்டர் ஸ்டாண்டு போட்டு, பத்தடி பின்னால் போய்க் குனிந்து பார்த்தால் இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். ஓட்டிப் பார்க்கும்போது தெருவில் தேங்கிய தண்ணீருக்குள் நேராக விட்டு, உலர்ந்த தரைக்கு வந்ததும் திரும்பிப் பார்க்கலாம்: பின் டயரின் ஈரத்தடம் முன் டயரின் தடத்தின்மேல் விழுந்திருக்க வேண்டும். தள்ளி விழுந்தால் எங்கோ கோணல். ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுதாகத் திருப்பினால் ஃபிரேமில் முட்டி நிற்கும் இடத்தில் ஒரு சின்ன இரும்புக் கட்டை இருக்கும். பலமான மோதலில் அது நசுங்கும், அல்லது உடையும். அந்த இடத்தில் வெல்டிங் செய்த தடமோ, பெயின்ட் மட்டும் புதிதாகவோ இருந்தால் வண்டி நேருக்கு நேர் மோதியிருக்கிறது. கன்சல்டிங்கில் வண்டியைப் பாலிஷ் போடுகிறவர்கள் அந்தக் கட்டையை நினைப்பதே இல்லை.

2019 ஏப்ரல் 1-க்குப் பிறகு விற்ற வண்டிக்கு உயர்பாதுகாப்பு நம்பர் பிளேட், அதாவது ஹாலோகிராமும் லேசர் எண்ணும் கொண்டது, கட்டாயம். 2021 வண்டியில் முன்புறம் மட்டும் சாதாரண ஸ்டிக்கர் பிளேட் இருந்தால், பழையது எங்கே போயிற்று என்று கேட்க வேண்டும். பதில் சில நேரம் “கீறல் விழுந்துச்சு, மாத்திட்டேன்” என்று வரும். கீறல் எப்படி விழுந்தது என்பது அடுத்த கேள்வி.

காலையில் போய், குளிர்ந்த இன்ஜினை

வண்டியைப் பார்க்கப் போவது காலையிலாக இருக்கட்டும். “நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் அண்ணே” என்று முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். போனதும் இன்ஜின் பக்கம் கையைக் கொண்டுபோய் சூடு அடிக்கிறதா என்று பார்க்கலாம். சூடாக இருந்தால் யாரோ ஏற்கெனவே படாதபாடு பட்டு ஸ்டார்ட் செய்து, நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். குளிர்ந்த வண்டி ஒன்றிரண்டு முயற்சியில் எடுக்க வேண்டும். முதலில் லேசாக வரும் வெள்ளை ஆவி சூடேறியதும் நின்றுவிடும். ஆக்சிலேட்டரை முறுக்கி விடும்போது நீலம் கலந்த புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது. இன்ஜின் வேலை இருக்கிறது என்று அர்த்தம். கறுப்புப் புகை பெட்ரோல் கூடுதலாகப் போவதைக் காட்டும். கார்புரேட்டர் வண்டியில் அது சின்ன வேலை. பிஎஸ்-6 வண்டியானால் சாவியைப் போட்டதும் மீட்டரில் எரியும் இன்ஜின் விளக்கு, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். சாவி போட்டபோதே எரியவில்லை என்றால் யாரோ பல்பைக் கழற்றியிருக்கலாம். கிக்கர் இல்லாத இன்ஜெக்‌ஷன் வண்டியில் பேட்டரியும் நன்றாக இருக்க வேண்டும். அது வீக்காக இருந்தால் பெட்ரோல் பம்பே ஓடாது. தள்ளி ஸ்டார்ட் செய்வதும் உதவாது.

ஓட்டிப் பார்க்கும்போது வேகம் வேண்டாம். மூன்றாம் கியரில் மெதுவாகப் போய்க்கொண்டே ஆக்சிலேட்டரைத் திறந்தால், இன்ஜின் சத்தம் ஏறியும் வண்டி ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் ‘டக்’ என்ற சத்தம் வந்தால் ஹேண்டில்பாரின் கோன் செட் தேய்ந்திருக்கிறது. முன் ஷாக் அப்சார்பர் தண்டில் எண்ணெய் வளையம் இருந்தால் சீல் போயிருக்கிறது. பின் சக்கரத்துப் பல்சக்கரத்தில் செயினைப் பிடித்து வெளியே இழுக்கும்போது பல் தெரியும் அளவுக்கு வந்தால் செயின் செட் மாற்ற வேண்டும். இவை எல்லாமே விலை உள்ள கோளாறுகள். குறித்துக்கொண்டால் போதும். உரிமம் இல்லாதவர் தானே ஓட்டிப் பார்க்காமல், ஓட்டத் தெரிந்த நண்பரையோ, அதைவிட நல்லது, வீட்டுக்குப் பக்கத்து மெக்கானிக்கையோ அழைத்துப்போகலாம். அவருக்கு அரை நாள் கூலி கொடுப்பதில் கஞ்சம் பிடிக்கக் கூடாது. நாளைக்கு அந்த வண்டியைப் பழுது பார்க்கப்போவதும் அவர்தான்.

மீட்டர் காட்டும் கிலோமீட்டரை அப்படியே நம்ப முடியாது. தினமும் முப்பது கிலோமீட்டர், வருடத்துக்கு முந்நூறு நாள் என்று ஓட்டினாலே ஒன்பதாயிரம். ஐந்து வருட வண்டி நாற்பத்தைந்தாயிரம் காட்டுவது இயல்பு. பன்னிரண்டாயிரம்தான் என்றால் கண் வேறு இடத்துக்குப் போக வேண்டும். கியர் லீவர் ரப்பர், பிரேக் பெடல், ஃபுட் ரெஸ்ட், சாவித் துளையைச் சுற்றிய கீறல் எல்லாம் கையாலும் காலாலும் தேய்பவை. மீட்டரோடு சேர்ந்து அவை பின்னோக்கிப் போகாது. டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம் தயாரானது. பன்னிரண்டாயிரம் ஓடியதாகச் சொல்லும் 2019 வண்டியில் பின் டயர் ஏற்கெனவே ஒருமுறை மாறியிருந்தால் கணக்கு இடிக்கிறது.

பணமும் பெயரும்

கையில் நாற்பதாயிரம் இருந்தால் தேட வேண்டியது முப்பதாயிரம் வண்டி. மீதிப் பணம் டயர், செயின் செட், பிரேக் ஷூ, ஆயில், பெயர் மாற்றம், இன்சூரன்ஸ், ஒரு நல்ல ஐஎஸ்ஐ ஹெல்மெட் என்று போய்விடும். விலை பேசும்போது “கொஞ்சம் குறைங்க” என்பதைவிட, “பின் டயர் மாத்தணும், ஃபோர்க் சீல் போகுது, கோன் செட் சத்தம் வருது, இதை எல்லாம் கழிச்சுச் சொல்லுங்க” என்று ஒவ்வொன்றாக வைத்தால் எதிரே இருப்பவரும் மரியாதையாகப் பேசுவார்.

இன்சூரன்ஸில் ஒரு கணக்கு பலருக்கும் தெரிவதில்லை. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டாய மூன்றாம் நபர் பிரீமியம் 75 முதல் 150 சிசி வரை ஆண்டுக்கு 714 ரூபாய். 150-க்கு மேல் 350 வரை 1,366. 350-க்கு மேல் 2,804. வரி தனி. பழைய யூனிகார்ன் 149 சிசி, 2020-க்குப் பிந்தையது 162.7 சிசி, பெயர் ஒன்று, பிரீமியம் ஏறத்தாழ இரு மடங்கு. 2018 செப்டம்பர் முதல் புது வண்டிக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீடு சேர்த்தே விற்கப்பட்டது. அந்த ஐந்து வருடம் முடிந்ததைக் கவனிக்காமலே ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகள் ஏராளம். காப்பீடு இல்லாமல் பிடிபட்டால் முதல் முறைக்கே 2,000 ரூபாய் அபராதம். விபத்தானால் வரும் இழப்பீட்டுக்கு அளவே இல்லை.

பெயர் மாற்றத்தைப் “பிறகு பார்த்துக்கலாம்” என்று விடுவதுதான் பழைய வண்டிச் சந்தையின் பெரிய வியாதி. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கில், கார் ஒன்று ஆர்.சி. மாறாமலே பல கை மாறி, 2009-ல் விபத்துக்குள்ளானது. அப்போது வண்டி யார் கையில் இருந்தது என்பது பிரச்சினை இல்லை, பதிவேட்டில் பெயர் உள்ளவரே உரிமையாளர், இழப்பீடும் அவர் பொறுப்பு என்று நீதிமன்றம் சொன்னது. எப்போதோ விற்றுவிட்டு மறந்துபோன மனிதர் அவர். வாங்குபவருக்கும் இதில் நஷ்டம் உண்டு: ஓட்டுபவருக்கு 15 லட்ச ரூபாய் தரும் தனிநபர் விபத்துக் காப்பீடு ஆர்.சி.யில் பெயர் உள்ள உரிமையாளருக்கானது. வேறொருவர் பெயரில் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பவர் அந்தப் பாதுகாப்பு இல்லாமல் ஓட்டுகிறார்.

ஆகவே முழுப் பணமும் கை மாறும் நாளிலேயே படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். பெயர் மாற்றத்துக்கு இணையத்தில் விண்ணப்பிக்கும்போது பழைய உரிமையாளரின் செல்போனுக்கு ஓடிபி போகும். அவருடைய எண் ஆர்.சி.யோடு இணைந்திருக்கிறதா, அந்த எண் இன்னும் அவர் கையில்தான் இருக்கிறதா என்று பணம் கொடுக்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டும். புரோக்கர் வழியாக வாங்கினால் இது இன்னும் அவசியம். உரிமையாளரிடம் ஒருமுறையாவது நேரிலோ போனிலோ பேசாமல் பணம் கொடுக்கவே கூடாது. 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி விற்கும் வியாபாரிகள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்று மத்திய அரசின் விதி இருக்கிறது. கன்சல்டிங்கில் அந்தச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். கேட்பதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாத கடைதான் நல்ல கடை.

வாங்கியவர் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.விடம் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதிப் பாலிசியைத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். விற்றவரின் என்சிபி அவரோடு போய்விடும். புதியவர் பூஜ்யத்திலிருந்து தொடங்குவார். வண்டியை எடுத்த தேதியோடு நேரத்தையும் எழுதி, இருவரும் கையெழுத்திட்ட டெலிவரி நோட்டு இரண்டு பிரதி எடுத்து ஆளுக்கொன்று வைத்துக்கொள்வது பழைய வழக்கம். நல்ல வழக்கமும்கூட, அன்று காலை யாரோ அந்த வண்டியில் சிக்னல் தாண்டியிருந்தால் அபராதம் யாருடையது என்பது அந்த ஒரு வரியில் தீர்ந்துவிடும். விண்ணப்பத்தில் முகவரியும் பின்கோடும் சரியாக இருக்கட்டும். தமிழ்நாட்டில் 2024 முதல் ஆர்.சி. அட்டை ஸ்பீடு போஸ்ட்டில்தான் வீட்டுக்கு வருகிறது. முகவரி தப்பினால் அது ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கே திரும்பிவிடும்.